இருகூர் – தூத்துக்குடி ரயிலில் கன்டெய்னர்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஷிப்பிங் பார்க்கிறேன். தூத்துக்குடிக்கு எல்லாமே டிரெய்லரில்தான் போகுது. டீசல், டோல் என்று வாடகை ஏறிக்கிட்டே இருக்கு. கோவை பக்கத்து இருகூரில் இருக்கும் கான்கார் (ரயில்வேயின் கன்டெய்னர் நிறுவனம்) டெப்போ வழியா ரயிலில் அனுப்பினால் என்ன என்று முதலாளி கேட்கிறார்.

ஒரு ரேக் (முழுச் சரக்கு ரயில்) என்றால் 45 வேகன், 90 இருபதடிப் பெட்டி. அது நிரம்பும்வரை காத்திருந்தால் கப்பல் கட்-ஆஃப் (துறைமுகத்தில் பெட்டியை ஒப்படைக்கும் கடைசி நேரம்) போயிடும். இருகூரில் ஏற்றி இறக்கும் கூலி வேற!

2021-இல் வந்த கதி சக்தி சரக்கு முனையத் திட்டம் முனையம் கட்டுறவங்களுக்குத்தான். சரக்கு அனுப்பும் நமக்கு நேரடி மானியமோ கட்டணச் சலுகையோ உண்டா? காலிப் பெட்டி கொண்டுவர? இந்த வழியில் அனுப்பியவர்கள் மொத்தச் செலவையும் எத்தனை நாள் ஆகுதுன்னும் கமென்ட்டில் போடுங்க, புண்ணியமாப் போகும்.