டயாலிசிஸ் பற்றிய முடிவெடுப்பதில் அப்பாவுக்கும் பங்கு வேண்டும்: உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். சிறுநீரகம் செயலிழந்த என் அப்பாவுக்கு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம், மருத்துவமனையில் ஹீமோடயாலிசிஸ் (இயந்திரம் மூலம் இரத்தத்தைச் சுத்திகரிப்பது) செய்ய வேண்டும் என்று மருத்துவர் என்னிடம் மட்டும் சொல்லி ஒப்புதல் படிவத்தை நீட்டினார். அருகிலிருந்த அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வயிற்றில் குழாய் பொருத்தி, வீட்டிலேயே நாளுக்கு நான்கு முறை திரவம் மாற்றிச் செய்யும் டயாலிசிஸ் வழியும் உண்டென்பதைப் பிறகுதான் அறிந்தோம். மாற்றுச் சிகிச்சைகளையும் அபாயங்களையும் நோயாளிக்கு விளக்கிய பின்னரே ஒப்புதல் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008இலேயே கூறியிருந்தாலும், தீர்ப்பைக் காட்டி வாதிட எனக்கு விருப்பமில்லை. தினமும் தோட்டத்துக்குப் போய்வரும் அப்பா வீட்டு முறையையே விரும்புகிறார். எனக்கோ தொற்று குறித்த அச்சம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த அனுபவமுள்ளவர்கள், அடுத்த சந்திப்பில் அப்பாவே மருத்துவரிடம் கேட்கக்கூடிய கேள்விகளை எழுதி உதவ வேண்டுகிறேன்.