காதுலயே வாசிக்கிற பேஸ் கிடார்காரனுக்கு ஒரு வழி சொல்லுங்க

பென்னாகரம் பக்கம் திருவிழாக் கச்சேரிகள்ல பதினோரு வருஷமா பேஸ் வாசிக்கிறேன். எல்லாம் காதுதான். கீபோர்டு அண்ணனோட இடது கையைப் பார்த்தே அடுத்த கார்டை, அதாவது சேர்த்து வாசிக்கிற சுரங்களை, பிடிச்சிடுவேன். பாடகர் சுருதியை அரைக் கட்டை இறக்கச் சொன்னா, கிடார் கழுத்துல விரலை ஒரு ஃப்ரெட் கட்டம் தள்ளினாப் போச்சு.

போன வாரம் பெங்களூர்ல ரெக்கார்டிங். ஸ்டாண்டுல இசைக்குறிப்பு எழுதின நோட்டேஷன் தாளை வச்சாங்க, எறும்பு ஊர்ந்த மாதிரி. ஒருதடவை பாட்டைப் போடுங்கன்னேன், நேரமில்லைன்னுட்டாங்க. கிருஷ்ணகிரி டோல்கேட் வர்ற வரைக்கும் பஸ்ல வாயே திறக்கல.

பீட்டில்ஸ் குழுவுல பேஸ் வாசிச்ச பால் மெக்கார்ட்னிக்கும் நோட்டேஷன் படிக்க வராதுதான். அவர் வாசிச்சது அவர் பாட்டு, நமக்கு அந்தச் சலுகை ஏது?

அமெரிக்காவுல நாஷ்வில்ல கார்டு பேருக்குப் பதிலா 1, 4, 5னு எழுதுற முறை புரியுது, நம்ம ச, ம, ப மாதிரி. பேஸுக்கு நோட்டேஷன் எழுதுற பேஸ் கிளெஃப்தான் மண்டையில ஏறல. தர்மபுரியில ஞாயித்துக்கிழமை சொல்லித்தர யாராச்சும் இருக்கீங்களா? பீஸ் தந்துடுறேன்.