30 கிலோ காரீயம் ஏற்றினால் எஞ்சின் வேறுபாடு சரியாகிவிடுமா? விதித் திருத்தக் கூட்டத்துக்கு முன் உதவி தேவை

அலைநுனி:

வணக்கம். நான் ஓட்டுவது 60 குதிரைத்திறன் அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே தொங்கும் எஞ்சின்) பிரிவில். ஒருவர் மட்டும் அமரும் கேட்டமரன் படகுகள். பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சினை விடாமல் வைத்திருப்பவர்களும் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறியவர்களும் ஒன்றாகவே மோதுகிறோம். என்னுடையது டூ ஸ்ட்ரோக்.

இந்தப் பருவத்துக்கு இரண்டு புதிய விதிகள் வந்திருக்கின்றன. டூ ஸ்ட்ரோக் படகு எதுவானாலும் 30 கிலோ கூடுதல் எடை ஏற்ற வேண்டும். அதையும் பின்பலகையை, அதாவது எஞ்சின் மாட்டும் பின்சுவரை, ஒட்டித்தான் பொருத்த வேண்டும். இது முதல் விதி. வென்றவர் எந்த எஞ்சின் வைத்திருந்தாலும் அடுத்த பந்தயத்தில் மேலும் 10 கிலோ சுமக்க வேண்டும் என்பது இரண்டாவது. என்னுடன் சேர்த்துப் படகின் எடை 340 கிலோவாக இருந்தது. இப்போது 370.

"டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குச் சக்தி அதிகம், அதற்கு ஈடு" என்பதே குழு சொல்லும் காரணம். ஆனால் இரண்டு எஞ்சின்களையும் யாரும் அளந்து பார்க்கவில்லை. மேல்மூடியில் இரண்டிலும் 60 என்றுதான் ஒட்டியிருக்கிறது. இந்த விதி நியாயம்தானா? நியாயமில்லை என்றால், கூட்டத்தில் எதை வைத்து வாதிடுவது? "தோற்றவன் புலம்புகிறான்" என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவார்களோ என்பதுதான் என் கவலை.

எடைமேடை:

நியாயத்துக்குப் பிறகு வரலாம். முதலில் எண்கள் வேண்டும். எடை ஏற்றுவதற்கு முன்பும் பின்பும் நேர்ப்பாதை வேகம், எஞ்சின் சுழற்சி, திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது சுழற்சி எவ்வளவு விழுகிறது, சுற்று நேரம். புரொப்பல்லரை மாற்றினீர்களா?

அலைநுனி:

புரொப்பல்லர் பழையதேதான். நேர்ப்பாதையின் முடிவில் 92 கிலோமீட்டர் இருந்தது, இப்போது 90. சுழற்சி நிமிடத்துக்கு 5,800-லிருந்து 5,650. திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது முன்பு 4,400-க்குக் கீழே போகாது. இப்போது 3,900 வரை சரிந்து, பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறது. 50 விநாடிச் சுற்றில் ஏறக்குறைய 2 விநாடி போய்விட்டது. எதிர்காற்றில் அணியம் (படகின் முன்முனை) தூக்குகிறது. டிரிம்மை, அதாவது எஞ்சினின் சாய்வை, உள்ளே இழுத்துப் பிடித்தே ஓட்ட வேண்டியிருக்கிறது.

எடைமேடை:

உங்கள் வழக்கே இந்த எண்களுக்குள் இருக்கிறது.

நீரின் மேல் வழுக்கி ஓடும் சாதாரணப் படகுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. உச்ச வேகம், சக்தியை எடையால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 340 கிலோ 370 ஆனால் வேகம் சுமார் 4 சதவீதம் குறைய வேண்டும். உங்களுக்கோ 2 சதவீதம்தான் குறைந்திருக்கிறது. கேட்டமரன் படகில் இரு பக்க மிதவைகளுக்கு நடுவே நுழையும் காற்றும் படகைத் தாங்குவதே இதற்குக் காரணம். வேகம் கூடக் கூட எடையில் பெரும்பங்கைக் காற்று ஏற்றுக்கொள்கிறது. அதாவது, டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு உச்ச வேகத்தில் சாதகம் இருப்பதாக உங்கள் குழு நினைத்திருந்தால், அந்தக் கணக்குப்படி குறைய வேண்டியதில் பாதியளவைத்தான் 30 கிலோ அங்கே குறைக்கிறது.

திருப்பத்தில் கதை வேறு. வேகம் விழுந்ததும் காற்று கைவிட்டுவிடுகிறது, முழு எடையும் நீர்மேல் உட்காருகிறது. அங்கே 370 கிலோ என்றால் 370-தான். நேர்ப்பாதையில் 2 சதவீதம் போனதற்குச் சுற்றுக்கு ஒரு விநாடிகூட நட்டம் வராது. மீதி முழுவதும் திருப்பத்தைக் குறிக்கும் போயாவைச் சுற்றி வெளியே வரும் அந்தச் சில மீட்டர்களில் போனது. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் மேல் சுழற்சியில்தான் வீரன்; 3,900-க்கு இறக்கிவிட்டால் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினைவிட மந்தமாகத்தான் மீளும். உங்கள் எஞ்சின் பலவீனமாக இருக்கும் இடத்தில் பார்த்து அடிக்கிறது இந்த விதி.

கூட்டம் நடக்கும்வரை கைகட்டி உட்கார வேண்டாம். பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) ஓர் அங்குலம் குறைந்த புரொப்பல்லரைப் போட்டுப் பாருங்கள். பொதுவாக 150 முதல் 200 சுழற்சி வரை திரும்பக் கிடைக்கும். இழந்த 2 விநாடியில் ஒரு பகுதி அங்கேயே கிடக்கிறது.

பழைய பிஸ்டன்:

அணியம் தூக்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முதல் பிரச்சினையாகப் படுகிறது. நியாயம், அநியாயம் எல்லாம் அதற்குப் பிறகுதான். பின்பலகை, படகின் ஈர்ப்பு மையத்திலிருந்து 1.2 மீட்டர் பின்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே 30 கிலோ வைத்தால் மையம் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் பின்னே நகரும். கேட்டமரன் படகில் 10 சென்டிமீட்டர் என்பது விளையாட்டில்லை. எதிர்காற்றில் அணியம் ஓர் அளவுக்கு மேல் எழுந்துவிட்டால் அடியில் புகும் காற்று படகைப் பின்புறமாகப் புரட்டிவிடும். பிறகு ஓட்டுநர் என்ன செய்தாலும் பயனில்லை.

எடையை ஏற்றச் சொல்லட்டும், பரவாயில்லை. எங்கே பொருத்துவது என்பதைப் படகு கட்டியவரும் ஓட்டுநரும் தீர்மானிக்கட்டும். உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பரிசோதகர் பார்க்கட்டும். இந்த ஒரு திருத்தத்தைக் கூட்டத்தில் முதலாவதாக வையுங்கள். எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது.

கொடிக்காரர்:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கத்தை நான் சொல்கிறேன். இப்படிப்பட்ட குழுவில் உட்கார்ந்தவன் நான். பெரும்பாலான சங்கங்களிடம் எடை பார்க்கும் தராசு இருக்கும், எஞ்சின் சக்தியை அளக்கும் டைனமோமீட்டர் இருக்காது. கையில் இருக்கும் கருவியை வைத்துத்தான் விதி எழுத முடியும்.

இந்த 30 கிலோவும் வானத்திலிருந்து விழுந்திருக்காது. அலைநுனி, உங்கள் எஞ்சின் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினைவிட எவ்வளவு இலகு? 15 கிலோ இருக்குமா? அப்படியானால் 30-இல் பாதி தண்டனையே ஆகாது. மற்றவர் எஞ்சினிலேயே சுமப்பதை நீங்கள் காரீயமாகச் சுமக்கிறீர்கள், அவ்வளவே. பின்பலகையை ஒட்டி வைக்கச் சொன்னதும் எஞ்சின் தொங்கும் இடம் அதுதான் என்பதால் இருக்கலாம். மீதி 15 கிலோவுக்கு என்ன ஆதாரம் என்று கேளுங்கள், அது நல்ல கேள்வி. மொத்தத்தையும் அநியாயம் என்று கூவினால் பாதி அவை எழுந்து போய்விடும்.

அலைநுனி:

ஆமாம், 15 கிலோ அளவில் இலகுதான். அந்தப் பாதியை ஒப்புக்கொள்ள எனக்கு மறுப்பில்லை. பெரிய பந்தயங்களில் இந்தப் பிரச்சினையை எப்படித் தீர்க்கிறார்கள்?

மூன்றாம் சுற்று:

ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதம். அமெரிக்காவின் எச்1 அன்லிமிடெட் ஹைட்ரோபிளேன் படகுகளில் சினூக் ஹெலிகாப்டரின் டி55 டர்பைன் எஞ்சின் ஓடுகிறது. அங்கே எரிபொருள் ஓட்டத்துக்கே பூட்டுப் போட்டார்கள். டர்பைனுக்கு நிமிடத்துக்கு 4.3 கேலன், அதாவது சுமார் 16 லிட்டர். உள்ளே போகும் எரிபொருளைக் கட்டினால் வெளியே வரும் சக்தியும் கட்டுப்படும். எடையைத் தனியாகக் குறைந்தபட்ச எடை விதி பார்த்துக்கொள்ளும். சக்திக்குச் சக்தியால் வரம்பு, எடைக்கு எடையால் வரம்பு. இரண்டையும் குழப்பவில்லை.

2024-இல் தொடங்கிய இ1 மின்படகுப் போட்டி எல்லோருக்கும் ஒரே வகைப் படகைக் கொடுத்துவிட்டது. பழைய எஞ்சின்களை வைத்திருக்கும் சங்கத்துக்கு அந்த வழி உதவாது.

எனக்குப் பிடித்தது ஜப்பானின் படகுப் பந்தயம். எல்லாம் 400 சிசி யமாட்டோ மோட்டார்கள், யாருக்கு எது என்பது குலுக்கலில். ஒரே ஆலையில் பிறந்த மோட்டார்களிலும் நல்லதும் கெட்டதும் இருக்கும் என்பதை அவர்கள் மறைப்பதில்லை. ஒவ்வொரு மோட்டாரும் முதல் இரண்டு இடங்களைப் பிடித்த விகிதத்தை வெளிப்படையாக அச்சிடுகிறார்கள். வீரர்கள் தங்கள் சொந்தப் புரொப்பல்லரைக் கொண்டுவரும் முறையையும் 2012-இல் நிறுத்திவிட்டார்கள். எடை விதி படகுக்கு இல்லை, ஆளுக்கு: 2020 நவம்பரிலிருந்து ஆண்களுக்குக் குறைந்தபட்சம் 52 கிலோ, பெண்களுக்கு 47. அதற்குக் கீழே இருப்பவர் ஈட்டு எடை சுமந்துகொண்டு ஏற வேண்டும். ஒரே பந்தயத்தில் இருவரும் மோதும்போது அந்த 5 கிலோ யாருக்குச் சாதகம் என்று அங்கேயும் கேட்கலாம். எங்கே போனாலும் முழு நியாயம் கிடைக்காது. கணக்கை வெளியே வைக்கிறார்களா என்பதைத்தான் பார்க்க முடியும்.

வென்றவருக்கு 10 கிலோ என்ற விதியை மட்டும் என்னால் சீரணிக்க முடியவில்லை. அது எஞ்சினைப் பற்றிய விதியே கிடையாது. நன்றாகத் திருப்பத் தெரிந்தவனுக்கு அபராதம். சாம்பியன் பட்டம் குறி என்றால், நடுவில் ஒரு பந்தயத்தை வேண்டுமென்றே இரண்டாவதாக முடிப்பது லாபம் என்று சிலர் கணக்குப் போடத் தொடங்குவார்கள்.

எடைமேடை:

டைனமோமீட்டரை வாங்க வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்தால் போதும். டூ ஸ்ட்ரோக் இரண்டு, ஃபோர் ஸ்ட்ரோக் இரண்டு, குலுக்கிப் போட்டு எடுங்கள். சக்தியைப் புரொப்பல்லர் தண்டில் அளக்க வேண்டும். காலையில் ஒன்றும் உச்சி வெயிலில் ஒன்றுமாக அளந்துவிட்டு ஒப்பிடாதீர்கள். 10 டிகிரி வெப்பம் கூடினால் காற்றின் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும், சக்தியும் அதையொட்டி இறங்கும். உச்சச் சக்தியை மட்டும் குறித்துக்கொண்டு வராமல் 3,500-லிருந்து 6,000 வரை சுழற்சிக்கேற்பச் சக்தி மாறும் முழு வரைகோட்டையும் வாங்குங்கள். அளந்த கையோடு அந்த எஞ்சின்களுக்கு முத்திரை வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மறுவாரமே யாராவது பிரித்துச் "சரிசெய்து" விடுவார்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு உண்மையிலேயே சக்தி அதிகம் என்று வந்தால், காற்று நுழையும் வழியில் துளையிட்ட தகட்டை வையுங்கள். அது மேல் சுழற்சியில், அதிகம் இருக்கும் இடத்திலேயே குறைக்கும். காரீயத்துக்கு அந்தப் புத்தி கிடையாது.

கொடிக்காரர்:

தகடு விஷயத்தில் நான் எடைமேடையோடு உடன்படுகிறேன். இதைச் சொல்லும் நாள் வரும் என்று நினைக்கவில்லை.

அலைநுனி:

நன்றி. கூட்டத்தில் இந்த வரிசையில் வைக்கப் போகிறேன். எடையைப் பொருத்தும் இடம் ஓட்டுநரின் விருப்பம். 15 கிலோ இப்போதே ஏற்பு. மீதி 15 அளவீடு முடியும்வரை நிறுத்திவைப்பு. வெற்றி எடை நீக்கம். ஓட்டுநரோடு சேர்த்து ஒரே குறைந்தபட்ச எடை, எல்லாப் படகுக்கும். வாடகையை இரண்டு தரப்பும் பாதிப் பாதி ஏற்க வேண்டும் என்றும் கேட்பேன். புரொப்பல்லர் இரவல் கிடைத்துவிட்டது.

பழைய பிஸ்டன்:

கடைசி வரியாக இன்னொன்றையும் சேர்த்துவிடுங்கள்: எடை பார்ப்பது பந்தயம் முடிந்து, பக்க மிதவைகளின் வடிகால் திருகைக் கழற்றி, உள்ளே தேங்கிய நீரை வடித்த பிறகு. நீரைச் சுமந்துகொண்டு வந்து தராசை ஏமாற்றும் படகுகளை நிறையப் பார்த்தாயிற்று.