கலிபோர்னியாவில் பெற்றோருக்கு ஐஎச்எஸ்எஸ் வீட்டுப் பராமரிப்பு: விண்ணப்பங்கள் எங்கே சிக்குகின்றன

ஐஎச்எஸ்எஸ் (In-Home Supportive Services) என்பது, வீட்டிலேயே பராமரிப்பு தேவைப்படுபவருக்கு மாதம் இத்தனை மணி நேரம் என்று அனுமதித்து, அதற்கான சம்பளத்தைப் பராமரிப்பாளருக்குத் தரும் அரசுத் திட்டம். இதைப் பெறுபவர் 65 வயது ஆனவராகவோ, பார்வையற்றவராகவோ, மாற்றுத்திறனாளியாகவோ இருக்க வேண்டும். மெடி-கால் (குறைந்த வருமானத்தினருக்கான கலிபோர்னியாவின் அரசு மருத்துவக் காப்பீடு) இருக்க வேண்டும். மருத்துவமனையிலோ முதியோர் விடுதியிலோ இல்லாமல் வீட்டில் வசிக்க வேண்டும். பிள்ளைகள் வீட்டில் இருந்தாலும் பரவாயில்லை. மகனோ மகளோ மருமகளோ பராமரிப்பாளராகப் பதிந்து சம்பளம் பெறலாம். பலர் மருத்துவச் சான்று, வங்கிக் கணக்கு எல்லாம் சேர்த்துவிட்டு விண்ணப்பிக்கலாம் என்று மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அது நஷ்டம். கவுண்டி (மாவட்ட நிர்வாக) அலுவலகத்துக்கு ஃபோன் செய்து விண்ணப்பத் தேதியை முதலில் பதிவு செய்துவிடுங்கள். அனுமதி கிடைத்தால் பெரும்பாலும் அந்தத் தேதியிலிருந்துதான் மணி நேரக் கணக்கு தொடங்கும். மெடி-காலில் 2026 ஜனவரி 1 முதல் சொத்து வரம்பு திரும்ப வந்துவிட்டது: தனி நபருக்கு 1,30,000 டாலர். குடியிருக்கும் வீடும் ஒரு காரும் அதில் சேராது.

*

அடுத்த முட்டுக்கட்டை எஸ்ஓசி 873. மருத்துவர் கையெழுத்திட வேண்டிய படிவம் இது, 45 நாட்களுக்குள் கவுண்டிக்குப் போய்ச் சேர வேண்டும். இதில் நோயின் பெயர் மட்டும் போதாது. அன்றாடச் செயல்களில் ஒன்றையாவது இவரால் தானாகச் செய்ய முடியாதா, உதவி கிடைக்காவிட்டால் இவரை விடுதியில் சேர்க்க வேண்டி வருமா என்ற இரண்டு கேள்விகளுக்கான பதிலில்தான் விஷயமே இருக்கிறது. பத்து நிமிடம் பார்க்கும் மருத்துவருக்கு, அம்மா குளியலறையில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பது தெரிய வாய்ப்பில்லை. அதனால் படிவத்தோடு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எதைச் செய்ய முடியவில்லை, எப்போதிலிருந்து, கடைசியாக எப்போது விழுந்தார். ஒரு நகலை எடுத்துவைத்துக்கொண்டே அனுப்புங்கள். கிளினிக் ஃபேக்ஸ் வழியில் தொலைந்துபோன படிவங்கள் நிறைய.

*

இதற்கெல்லாம் மேலே, வீட்டுக்கு வந்து செய்யும் மதிப்பீட்டில்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் அதிகம் இழக்கிறார்கள். சமூகப் பணியாளர் வரும் நாளில் அப்பா சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, "எனக்கு என்ன, எல்லாம் நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிடுவார். வந்தவரை எழுந்து நின்று வரவேற்பார். அந்த மரியாதையும் தன்மானமும் நியாயமானவை. ஆனால் படிவத்தில் அது "உதவி தேவையில்லை" என்றே ஏறும். அதற்கு முந்தின நாளே அவரோடு உட்கார்ந்து பேசுங்கள்: இது குறை சொல்வதல்ல, உள்ளதை உள்ளபடி சொல்வது.

ஒவ்வொரு வேலைக்கும் 1 முதல் 5 வரை தரம் போடுவார்கள். தானே செய்தால் 1. நினைவூட்டினால், வாயால் சொன்னால் போதும் என்றால் 2. கொஞ்சம் கைத்தாங்கல் வேண்டுமென்றால் 3. பெரும்பகுதி மற்றவர் செய்தால் 4. முழுக்கச் செய்துவிட வேண்டுமென்றால் 5. குளியல், பல் துலக்கல், தலை வாரல் ஆகியவற்றுக்கு 3 என்றால் வாரத்துக்கு 1.27 முதல் 3.15 மணி, 4 என்றால் 2.35 முதல் 4.08 மணி. இவை தசமத்தில் இருக்கின்றன, 1.27 என்பது 1 மணி 16 நிமிடம். இதைத் தவறாகப் படித்துக் கணக்கில் குழம்புபவர்கள் உண்டு. வரம்புக்கு மேல் நேரம் தேவைப்பட்டால் காரணத்தைப் பதிவு செய்து கூட்டித்தர விதியில் இடமுண்டு. ஆனால் கேட்காமல் வராது.

"கொஞ்சம் உதவி பண்றோம்" என்ற வாக்கியத்தை விட்டுவிடுங்கள். ஒரு வாரம் நோட்டில் குறியுங்கள்: கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைக்க எத்தனை நிமிடம், ராத்திரி எத்தனை முறை கழிப்பறை, ஊட்டிவிட எவ்வளவு நேரம். நல்ல நாளும் மோசமான நாளும் இரண்டுமே அதில் இருக்கட்டும். சமையலில் ஒரு நுணுக்கம்: எல்லோருக்கும் ஒரே சாப்பாடு என்றால் நேரத்தைப் பங்கிட்டுக் குறைப்பார்கள். அம்மாவுக்கு மட்டும் சாதத்தைக் குழைய வடித்து மசித்துத் தருவது உண்மையென்றால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். பொது வீட்டு வேலைக்கு மொத்த வீட்டுக்கும் மாதம் 6 மணிதான், அதுவும் வசிப்பவர்களுக்குள் பங்கிடப்படும். அதற்காக மல்லுக்கட்டுவதில் பயனில்லை. இன்சுலின் ஊசி, புண்ணுக்குக் கட்டு, சிறுநீர்க் குழாய் இதெல்லாம் எஸ்ஓசி 321 என்ற வேறு படிவத்தில் மருத்துவர் எழுதித் தர வேண்டியவை.

தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கவுண்டி இலவசமாகத் தர வேண்டும். முன்கூட்டியே கேளுங்கள். பேரப்பிள்ளையை வைத்து மொழிபெயர்த்தால், கழிப்பறை விஷயத்தைப் பாட்டி வாய்திறந்து சொல்லவே மாட்டார்.

*

மறதி நோய் உள்ளவர்களுக்குப் பாதுகாப்புக் கண்காணிப்பு என்று ஒரு பிரிவு உண்டு. மாதம் 195 மணி வரை. கடுமையான இயலாமை உள்ளவர் என்றால் 283. 283தான் இந்தத் திட்டத்தின் உச்சவரம்பு. மருத்துவர் எஸ்ஓசி 821 நிரப்ப வேண்டும்: நினைவாற்றல், இடம்-காலம் அறிதல், முடிவெடுக்கும் திறன். விழுந்துவிடுவார் என்ற பயம், மாரடைப்பு வரலாம் என்ற பயம், இவற்றுக்கு இது கிடைக்காது. அடுப்பைப் பற்றவைத்து மறப்பது, நடுராத்திரியில் கதவைத் திறந்து தெருவுக்குப் போவது, மாத்திரையை இரண்டு தடவை விழுங்குவது என ஆபத்து எதுவென்று புரியாமல் தானே செய்யும் செயல்கள்தான் கணக்கு. தேதியோடு எழுதிய குறிப்பேடு இல்லாமல் போன விண்ணப்பங்கள் மறுக்கப்படுவதைத்தான் அதிகம் பார்க்கிறோம். 24 மணி நேரமும் யார் உடனிருப்பார் என்ற அட்டவணையையும் (எஸ்ஓசி 825) கேட்பார்கள்.

*

பராமரிப்பாளராகச் சேருபவர் எஸ்ஓசி 426 படிவம், அறிமுக வகுப்பு, கைரேகை, எஸ்ஓசி 846 ஒப்பந்தம் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். கைரேகைச் செலவு அவருடையது. ஒரே வீட்டில் வசிப்பவர் என்றால் எஸ்ஓசி 2298 கொடுத்தால் அந்தச் சம்பளத்துக்கு வருமான வரி பிடிக்க மாட்டார்கள்.

டைம்ஷீட் மாதம் இருமுறை, பராமரிப்பு பெறுபவரும் ஒப்புதல் தர வேண்டும். ஃபோன் வழி ஒப்புதலில் தமிழ் கிடையாது. பெரியவரால் முடியாதென்றால் எஸ்ஓசி 839இல் வேறொரு உறவினரைப் பிரதிநிதியாகப் போட்டுவிடுங்கள், சம்பளம் வாங்குபவரையே போடாதீர்கள்.

மறுத்தோ குறைத்தோ அறிவிப்பு வந்தால் 90 நாட்களுக்குள் மாநில விசாரணை கேட்கலாம். இருக்கும் நேரத்தைக் குறைக்கிறார்கள் என்றால், அது அமலுக்கு வரும் தேதிக்கு முன்பே கேட்டால் தீர்ப்பு வரும்வரை பழைய நேரம் தொடரும். விசாரணைக்கு முன் கோப்பைப் பார்க்க உரிமை உண்டு. அதில் எஸ்ஓசி 293 தாளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு வேலைக்கும் போட்ட தரத்தை உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள். எந்த வரியில் 4க்குப் பதில் 2 விழுந்திருக்கிறதோ, அந்த வரியைப் பற்றி மட்டும் வாதிடுங்கள்.