ஜெராய் மலை தொப்பி போட்டால் மழை: யான் ஊருக்குப் போய் வந்தவர்கள் எழுதுங்கள்

ஜூரோங் வாசி

ஜூன் விடுமுறையில் மலேசியாவின் கெடா மாநிலத்தில் யான் என்ற ஊர்ப் பக்கம் குடும்பத்தோடு போய் வந்தோம். நான்கு நாள். திரும்பி இரண்டு வாரமாகியும் மனம் அங்கேயே கிடக்கிறது. போனவர்கள், அந்தப் பக்கம் வாழ்ந்தவர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கிளம்பியது கடாரம், அதாவது பழைய கெடா, பார்க்கத்தான். 1025-இல் ராஜேந்திர சோழன் கப்பற்படை அனுப்பிய மண் இதுதான் என்று மகனுக்குக் காட்ட வேண்டும் என்று வெகுநாள் ஆசை. பழங்காலக் கோயில் எச்சங்கள் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தை அரை நாளில் முடித்துக்கொண்டு பினாங்கு போய்விடலாம் என்று திட்டம். கடைசியில் பினாங்குக்குப் போகவே இல்லை.

விடிகாலை நான்கு மணிக்கு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டினோம். ஈப்போவில் ஓர் இரவு. மறுநாள் சுங்கை பட்டாணி கடந்ததும் நெடுஞ்சாலைக்கு இடப்பக்கம் ஒரு மலை எழுந்தது. அக்கம்பக்கத்தில் வேறு மலை இல்லை, தரை தட்டையாகக் கிடக்க அது மட்டும் தனியாக நிற்கிறது. அதுதான் குனோங் ஜெராய், ஜெராய் மலை. 1,217 மீட்டர். நம் சிங்கப்பூர் புக்கிட் தீமா குன்று 164 மீட்டர் என்று சொன்னதும் மகன் மனக்கணக்குப் போட்டு, ‘ஏழு புக்கிட் தீமா ஒன்று மேல் ஒன்று அடுக்கினாலும் எட்டாதுப்பா’ என்றான்.

மலையைச் சுற்றிக்கொண்டு குவார் செம்பெடாக் வழியாக மேற்கே போனால் யான். மாவட்டம் முழுவதுமே ஏறக்குறைய 240 சதுர கிலோமீட்டர்தான், சிங்கப்பூரில் மூன்றில் ஒரு பங்கு. அதற்குள்ளேயே மலை, காடு, அருவி, நெல்வயல், மீனவர் குடியிருப்பு, கடல் எல்லாம் அடங்கிவிடுகின்றன. நாங்கள் தங்கிய ஹோம்ஸ்டேயில் கிழக்கு ஜன்னலைத் திறந்தால் மலை. மேற்கே திறந்தால் பச்சை வயல், அதன் கடைசியில் ஒரு தென்னை வரிசை. அந்தத் தென்னைகளுக்கு அப்பால் மலாக்கா நீரிணை. காலையில் மகன் குளியலறையிலிருந்து அலறிக்கொண்டு வெளியே வந்தான். என்னவோ ஏதோ என்று ஓடினால், தண்ணீர் அவ்வளவு குளிர்ச்சி. வீட்டுக்கார மக்சிக் (மலாய்ப் பெரியம்மா) சிரித்துக்கொண்டே கையால் மலையைக் காட்டினார். அங்கிருந்து குழாய் போட்டு இறக்கிய தண்ணீராம்.

வயல்களுக்கு நடுவே கோடு கிழித்தாற்போல நேராக ஒரு வாய்க்கால் போவதைப் பார்த்தேன். வான் மாட் சமான் வாய்க்கால். 1885-இல் கெடாவின் மந்திரி பெசார் (முதலமைச்சர்) வான் முகமது சமான் வெட்டத் தொடங்கியது. அலோர் ஸ்டாரிலிருந்து ஜெராய் அடிவாரத்துக் குரூண் வரை முப்பது கிலோமீட்டருக்கு மேல். இரவில் தீப்பந்தங்களை வரிசையாக நட்டு, அந்த வெளிச்சத்தை நேர்கோடாக வைத்து வெட்டினார்கள் என்று அங்கே சொல்கிறார்கள். சதுப்பாகக் கிடந்த நிலம் வயலானது அப்படித்தான். 1970 வாக்கில் மூடா நீர்ப்பாசனத் திட்டம் வந்தபிறகு ஆண்டுக்கு இரண்டு போகம்.

மலை உச்சிக்குப் பக்கம் வரை காரிலேயே போனோம். கீழே வெயில் பொசுக்கியது, மேலே சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டோம். பாறை இடுக்குகளில் குடுவைச் செடி. மூடிக்குக் கீழே வாய் விளிம்பில் வெள்ளையாக ஒரு வளையம், உள்ளே கொஞ்சம் நீர், அதில் இரண்டு எறும்புகள். மகள் அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தவள் கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. பொழுது சாயும் நேரம் மேற்கே பார்த்தால் வயல், வாய்க்கால், மீன்பிடிப் படகுகள், கடல் எல்லாம் ஒரே பார்வையில் வந்துவிடுகின்றன. ஓர் ஊர் எதைக் கொண்டு வாழ்கிறது என்பதை இப்படி ஒரே இடத்தில் நின்று நான் பார்த்ததே இல்லை.

யீஷூன் அக்கா

தம்பி, ஜெராய் என்று பார்த்ததும் கையில் இருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு எழுதுகிறேன். நான் பிறந்தது பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். கல்யாணமாகி சிங்கப்பூர் வந்தது 1991-இல்.

எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நின்றால் வடமேற்கில் ஜெராய். நீங்கள் அழகைப் பார்த்தீர்கள். அம்மா அதில் சம்பளத்தைப் பார்த்தார். சாயங்காலம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி மலையைப் பார்ப்பார். உச்சி தெளிவாகத் தெரிந்தால் கத்தியைத் தீட்டி வாளியோடு எடுத்து வைப்பார். மேகம் உட்கார்ந்திருந்தால், ‘ஜெராய் தொப்பி போட்டுட்டான்’ என்பார். அவ்வளவுதான். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் யாரும் அதிகம் பேச மாட்டோம்.

பால்மரம் வெட்டுபவர்களுக்கு இது புரியும். பட்டை நனைந்திருந்தால் வெட்டிய கோட்டில் பால் நிற்காது. மழைத் தண்ணீரோடு சேர்ந்து மரம் முழுக்க வழிந்து, மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) விழாமல் தரைக்குப் போய்விடும். அதனால் விடிகாலைப் பெரட்டிலேயே, ஆள் கணக்கெடுக்கும்போதே, ‘இன்றைக்கு வேலை இல்லை’ என்று சொல்லிவிடுவார்கள். வேலை இல்லை என்றால் கூலி இல்லை. நவம்பரில் அப்படித் தொடர்ந்து ஐந்து நாள் போனதும் உண்டு. ஆறாம் நாள் காலையில் மலை முழுசாகத் தெரிந்தபோது அம்மா அதைப் பார்த்துக் கை கூப்பியது எனக்கு இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிறது.

கடாரம் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எங்கள் தோட்டத்தில் அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். தோட்டத்திலிருந்து பூஜாங் பள்ளத்தாக்குக்கு பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் எங்களில் ஒருவர்கூடப் போனதில்லை. நான் முதன்முதலில் போனது ஐம்பது வயதில், சிங்கப்பூரிலிருந்து சுற்றுலாப் பயணியாக. அங்கே கோயில் அடித்தளக் கல்லைத் தொட்டபோது தாத்தா நினைவு வந்து அழுதுவிட்டேன். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அவரிடம் இதை யாரும் சொல்லவில்லையே என்றுதான்.

பைக் பயணி

ஒரே ஒரு விஷயம். ஜெராய் மலைச்சாலை குறுகல், வளைவுகள் அதிகம். இறங்கும்போது சின்ன கியரிலேயே வாருங்கள். நான் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கி, பாதி வழியில் கருகிய வாடை வந்து முக்கால் மணி நேரம் ஓரமாக நிற்க வேண்டியதாயிற்று. நின்ற இடத்தில் தலைக்கு மேலே கருங்குரங்குகள் கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருந்தன. அந்த முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்

யீஷூன் சகோதரி நாகப்பட்டினம் என்று எழுதியதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்கள் தாத்தா வந்த வழி ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகப் புழங்கிய கடல்வழி அம்மா.

வங்கக் கடலைக் கடந்து கிழக்கே வரும் கப்பலுக்குத் தாழ்ந்த கரை வெகுநேரம் கண்ணில் படாது. முதலில் தெரிவது ஜெராய்தான். மாலுமிகள் அதைக் குறியாக வைத்தே மெர்போக், மூடா ஆற்று முகங்களைத் தேடினார்கள். தென்மேற்குக் காற்றில் வந்து சேர்ந்தால், திரும்புவதற்கு வடகிழக்குக் காற்று வரும்வரை இங்கே காத்திருக்க வேண்டும். அதுவரை குடிக்க மலைத் தண்ணீர், பழுது பார்க்க மரம், வாங்கிப் போகக் காட்டுப் பொருள். சுங்கை பத்து என்ற இடத்தில் இரும்பு உருக்கிய களங்களும் ஊதுகுழாய்த் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. மலை இல்லாவிட்டால் இந்தத் துறைமுகம் இல்லை என்பது என் எண்ணம். ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி யிஜிங் இந்தியாவுக்குப் போனபோதும் கெடாவில் தங்கித்தான் கப்பல் ஏறினார்.

ஜூரோங் தம்பி மகனுக்கு 1025-ஐச் சொன்னது சரி. அதற்கு இருபது ஆண்டுக்கு முந்தைய கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடாரத்தரையன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் எழுப்பத் தொடங்கிய புத்த விகாரத்துக்கு, ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். செப்பேடு இருக்கிறது. விகாரத்தைக் கட்டி முடித்தவன் சூளாமணிவர்மனின் மகன். நம் பிள்ளைகளிடம் படையெடுப்பை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். கெடாக்காரர்கள் காதில் அது எப்படி விழும் என்று யோசிப்பதில்லை. எனக்கு இது நீண்ட நாள் வருத்தம்.

பூஜாங் பள்ளத்தாக்கின் புக்கிட் பத்து பகாட் சண்டியை, அதாவது பழங்கோயிலை, நிதானமாகப் பாருங்கள். 1930களில் தொல்லியல் ஆய்வாளர்களான குவாரிச் வேல்ஸ் தம்பதி அகழ்ந்தது, 1959-60-இல் அலஸ்டேர் லாம்ப் மேற்பார்வையில் மீண்டும் அடுக்கியது. விமானமும் முன்மண்டபமும் என்ற அமைப்பு நமக்குப் பார்த்தவுடன் பிடிபடும். தூண் இருக்காது. தூண் நட்ட கல்லில் குழி மட்டும் இருக்கும். மேலே இருந்த மரமும் கூரையும் மட்கிப் போய்விட்டன. பக்கத்திலேயே ஓடை. அந்தச் சத்தம் அன்றும் இதேதான் இருந்திருக்கும்.

யானுக்குள்ளேயே புக்கிட் சோராஸ் இருக்கிறது. இப்போது வயல்வெளி நடுவே ஒரு குன்று. அந்தக் காலத்தில் கடல் இன்னும் உள்ளே இருந்தது, ஆகவே அது கரையோரக் குன்று. அங்கே ஒரு பழைய புத்தத் தூபி. 2023-இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது தியானத்தில் அமர்ந்த ஆள் உயரச் சுதை உருவங்கள் வெளிப்பட்டன. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் 2013-இல் இதே வட்டாரத்தில் பதினொன்றாம் எண் சண்டியை வீட்டுமனைக்காக இடித்துத் தள்ளியிருந்தார்கள். செய்தி வெளியே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எஞ்சியிருப்பதை இருக்கும்போதே போய்ப் பாருங்கள்.

தெம்பனிஸ் அம்மா

நான் வரலாறு அறியாதவள். தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன், பிள்ளைகளோடு போகிறவர்கள் தயவுசெய்து முழுதும் படியுங்கள்.

யானில் தித்தி ஹாயுன் என்று மலை ஓடை இறங்குமிடம் இருக்கிறது. பெரிய பெரிய பாறைகள், இடையில் கண்ணாடி போலத் தண்ணீர், அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு பிள்ளைகளையும் இறக்கிவிட்டு, நான் பாறையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். நாசி லெமாக். எங்கள் தலைக்கு மேலே நல்ல வெயில். மலை மட்டும் மேகத்தில் மூடியிருந்தது, நான் அதைக் கவனிக்கவே இல்லை.

மேல்பக்கம் துணி பிழிந்துகொண்டிருந்த ஒரு மலாய்க்கார மக்சிக் திடீரென்று நிமிர்ந்தார். ‘நாயிக்! நாயிக்!’ என்று கத்தினார், மேலே ஏறு என்று. எனக்குக் கோபம்கூட வந்தது, எதற்கு இப்படிக் கத்துகிறார் என்று. அப்போதுதான் தண்ணீரைப் பார்த்தேன். கண்ணாடியாக இருந்தது தேத்தண்ணீர் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. சருகும் சுள்ளியும் சேர்ந்து வந்தன. சின்னவனை அவரே கையைப் பிடித்து இழுத்தார், பெரியவளை நான் இழுத்தேன். கரை ஏறி மூச்சு விடுவதற்குள் நான் உட்கார்ந்திருந்த பாறையைக் காணோம். செருப்பு, சாப்பாடு, துண்டு எல்லாம் போயின. லாரி சரளை கொட்டுவது போல ஒரு சத்தம், கல்லோடு கல் உருளும் சத்தம்.

கப்பாலா ஆயர் என்கிறார்கள், தண்ணீரின் தலை. உச்சியில் பெய்த மழை மொத்தமாகத் திரண்டு ஒரே வேகத்தில் இறங்குவது. மலை செங்குத்து, கடல் பக்கம். தண்ணீர் நின்று பரவ வழியில் இடமே இல்லை. 2021 ஆகஸ்ட் 18 அன்று ஜெராயிலிருந்து மரமும் சேறும் பாறையும் சேர்ந்து இறங்கி யான் பக்கத்தில் உயிர்களே போயின. அந்தச் செய்தியை டிவியில் பார்த்தபோது என் கை நடுங்கியது. அந்த மக்சிக் எப்படி இருக்கிறாரோ என்று அன்று முழுதும் அதே நினைவு. பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். கையைப் பிடித்து ‘தெரிமா காசே’ என்று மட்டும் சொன்னேன்.

தண்ணீர் கலங்கினால், இலை தழை கூடுதலாக வந்தால், மேலே உறுமல் கேட்டால், பையை எடுக்க நிற்காதீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரை ஏறுங்கள், ஓடையோரமாக ஓடாதீர்கள். ஓடைப் பக்கம் போகும் முன் அங்குள்ளவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் மலையைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள்.

ஜூரோங் வாசி

தெம்பனிஸ் அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்து முடித்ததும் உடம்பு சில்லிட்டது. நாங்களும் தித்தி ஹாயுனில் இரண்டு மணி நேரம் இருந்தோம். மலையை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. டிசம்பரில் மறுபடி போகலாம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஆசிரியர் ஐயா சொன்ன புக்கிட் சோராஸையும் பார்க்க வேண்டும்.

யீஷூன் அக்கா

டிசம்பரில் டுரியான் கிடைப்பது அரிது தம்பி, அதற்கு ஜூன், ஜூலைதான். பரவாயில்லை, தஞ்சோங் டாவாய் போய்க் காய்ந்த நெத்திலி வாங்குங்கள். அங்கிருந்து படகில் ஆற்றைக் கடந்தால் பந்தாய் மெர்டேக்கா, பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

அப்புறம், என் சித்தி இன்னும் பீடோங்கில்தான் இருக்கிறார். எழுபத்தெட்டு வயது. இன்றைக்கும் வாசலில் நாற்காலி போட்டு மலையைப் பார்த்துத்தான் உட்காருவார். ஓடைப் பக்கம் போவதாக இருந்தால் முதல் நாள் இரவு இங்கே ஒரு வரி எழுதிப் போடுங்கள். காலையில் சித்திக்கு போன் போட்டு, தொப்பி இருக்கிறதா இல்லையா என்று கேட்டுச் சொல்கிறேன்.