தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் அருங்காட்சியகம்: எங்கே தொடங்குவது?

கிருஷ்ணகிரியான்: இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இங்கே வந்த குடும்பங்களுக்குத் தேசிய அளவில் ஓர் அருங்காட்சியகம் திட்டமிடுகிறோம். பொருள் சேகரிப்பு கிருஷ்ணகிரியில். பழைய பாஸ்போர்ட், தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி, தேயிலை பறிச்சுப் போடும் கொழுந்துக் கூடை தர ஆளிருக்கு. முதலில் என்ன செய்யணும்?

பழஞ்சுவடி: கட்டடம் அப்புறம், முதல்ல பதிவேடு. வரிசை எண், கொடுத்தவர், எந்தத் தோட்டம், நன்கொடையா இரவலா, எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்காம எதையும் உள்ளே எடுக்காதீங்க. நாளைக்குப் பேரன் வந்து கேட்பான். பாஸ்போர்ட்டை லேமினேஷன் பண்ணவே கூடாது. சூட்டில் ஒட்டினதைத் தாள் கிழியாமப் பிரிக்க முடியாது. 600 டிபிஐயில் ஸ்கேன் பண்ணி அமிலமில்லாத காகித உறையில் வையுங்க. காட்சிக்கு வெளிச்சம் 50 லக்ஸ் போதும். வருஷம் முழுக்க அசலையே வைக்காம நகலை மாத்தி வையுங்க.

ஓசூர்க்காரி: கூடைக்கு அடியில மாவு மாதிரி தூள் கொட்டுதா பாருங்கண்ணா. கொட்டினா வண்டு. பாலித்தீன் பையில காத்தை எடுத்துக் கட்டி, மைனஸ் 20 டிகிரியில ஒரு வாரம். வீட்டு ஃப்ரீசர்னா ரெண்டு வாரம் விடுங்க, அது மெதுவாத்தான் குளிரும். வெளியே எடுத்ததும் பிரிச்சா கூடையில ஈரம் கோக்கும். ஒரு நாள் அப்படியே விடுங்க.

தருமபுரி மணி: இதெல்லாம் சரி, லயக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறையில்) வாழ்ந்த பெரியவங்க பேச்சை இப்பவே பதிவு பண்ணுங்க. கத்தி காத்திருக்கும். வாட்ஸ்அப் வாய்ஸ் வேண்டாம், ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பா எடுத்து ரெண்டு இடத்துல வையுங்க.