மறு: 'பஸில்' என்பதற்குத் தமிழ்ச்சொல் – வெள்ளிக்கிழமைக்குள் முடிவு வேண்டும்

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். ஆடை வடிவமைப்பு மாணவியருக்கான பாடநூலின் விக்டோரியா கால இயல் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். பெண்கள் பாவாடைக்குள் பின்புறம் கட்டிக்கொண்ட தாங்கியான 'பஸில்' (bustle) என்ற ஒரு சொல்லுக்காகத்தான் பக்கங்கள் காத்திருக்கின்றன.

முல்லைப்பாட்டு யவனரைப் பற்றிச் சொல்லும் 'மறிந்துவீங்கு செறிவுடை' என்ற தொடரைக் காட்டி, 'வீங்குடை' என்று வைக்கலாம் என்றார் புலவர் ஐயா. அது அருமையான வினைத்தொகைதான். ஆனால் அது உடையைக் குறிக்கிறது. நமக்கு வேண்டியதோ உடைக்குள் மறைந்திருந்து அதைத் தூக்கி நிறுத்திய பொருளுக்கான பெயர். 1860களின் இறுதியில், உள்ளே எஃகு வளையக் கூண்டு வைத்து நாற்புறமும் விரிந்திருந்த கிரினோலின் பாவாடையின் அகலம் பின்பக்கம் ஒதுங்கியபோது, அந்தத் துணித்திரளைத் தாங்குவதற்காக இடுப்பின் பின்புறத்தில் குதிரைமயிர்த் திண்டையோ எஃகுப் பட்டைகளையோ நாடாவால் கட்டிக்கொண்டார்கள். 1870களின் பிற்பாதியில் உடலை ஒட்டிய நீள்வெட்டு உடை வரவே அது மறைந்தது. 1883 வாக்கில் திரும்பி வந்தபோதோ பழைய மென்சரிவு போய், பலகை அடித்தாற்போல் நீட்டி நின்றது. உட்கார்ந்தால் மடங்கி, எழுந்தால் தானே விரியும் வகையும் அப்போது விற்பனைக்கு வந்தது. இப்படி மாறிக்கொண்டே இருந்த வீக்கத்தைப் பெயரில் வைத்தால், எந்தக் காலத்து வீக்கம் என்று மாணவி கேட்பாள்.

ஆகவே 'பின்கூண்டு' என்கிறேன். கிரினோலினுக்குக் 'கூண்டுப்பாவாடை' என்று முன்பே முடிவு செய்துவிட்டோம். ஒன்றிலிருந்து மற்றது பிறந்த வரலாறு சொல்லிலேயே தெரியும்.

ஆங்கிலேயரே இதை நேராகச் சொல்லக் கூசி, 'உடையை மேம்படுத்துவது' என்ற பொருளில் இடக்கரடக்கலாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள் என்பதால், நாமும் 'எழிற்கூண்டு' என்று நாகரிகமாகச் சொல்லலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. எங்கே கட்டுவது என்பதைப் பாடநூல் சொல்லியாக வேண்டும்.

கம்பியே இல்லாத வெறும் திண்டைக் கூண்டு என்பது எப்படிப் பொருந்தும் என்று ஆசிரியை அம்மா கேட்டிருப்பது நியாயமான கேள்வி. அவர் தரும் 'பின்திண்டு' காதுக்கும் இதமாக இருக்கிறது. 'முன்றானை' போல அதைப் 'பின்றிண்டு' என்றே புணர்த்தவேண்டும் என்று புலவர் ஐயா னகர, லகரத்தின் பின் வரும் தகரம் றகரமாகும் என்னும் நன்னூலின் 'னலமுன் றனவும்' நூற்பாவை எடுத்துவைத்தார். 'பின்தொடர்', 'பின்தங்கு' என்று எழுதுவதை இன்று யாரும் பிழை என்பதில்லை என்பதே என் விடை. என்றாலும், 1880களின் எஃகுப் பட்டைகளைத் திண்டு என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

இதுவரை எழுதியவர்களில் நால்வர் 'பின்கூண்டு' என்றும் இருவர் 'பின்திண்டு' என்றும் சொல்லியிருக்கிறார்கள். பாடத்தில் 'பின்கூண்டு' என்றே அச்சிடுகிறேன். மயிர் அடைத்த வகையைத் 'திண்டுப் பின்கூண்டு' என்று பிரித்துக் காட்டுகிறேன். அது தன்னையே மறுக்கும் சொல் என்று ஆசிரியை அம்மா காலையில் எழுதிய மடலுக்கு இன்னும் என்னிடம் மறுமொழி இல்லை.